‘வயதுபோன அறளை’ என்று விட்டுவிடாமல் பார்க்க ஒரு வீடு

திருகோணமலை உறவுகளுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உவர்மலையில் பூட்டிக்கிடந்த ஓட்டு வீடொன்றை உரிமையாளர் ஐந்து வருடத்துக்கு வாடகையில்லாமல் எங்களிடம் தந்திருக்கிறார். மறதி நோயுள்ள முதியவர்கள் காலை 8 முதல் பின்னேரம் 4 மணிவரை இருந்துவிட்டுப் போகும் இடமாக அதை மாற்றவே இந்த வேண்டுகோள்.

எங்கள் குழுவில் ஒருவரின் தாயாருக்கு மூன்று வருடமாக அல்ஸைமர் என்ற மறதி நோய். பேரனின் பெயர் மறந்தாலும், வாசலுக்கு வரும் மானுக்கு வாழைப்பழத் தோல் போட மறக்காதவர். போன மாசியில் ஒரே இரவில் ஆள் மாறிப்போனார். பெற்ற மகனைக் கள்ளன் என்று கத்தினார். “அறளை முற்றிப் போச்சு” என்றார்கள் அயலவர்கள், நாவூறும் கழித்தாயிற்று. நான்காம் நாள் சலத்தைச் சோதித்தபோதுதான் கிருமித் தொற்று தெரிந்தது. மருந்து எடுத்து ஒரு கிழமைக்குள் பழையபடி மானைத் தேடினார்.

சலத்தில் கிருமி வந்தால் மூளை ஏன் கலங்குகிறது? மூளைக்கென்றே மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் உண்டு. குப்பை அள்ளுவதும் கிருமியோடு மோதுவதும் அவைதான். அல்ஸைமரில் அமிலாய்டு என்ற புரதக் கழிவு வருடக்கணக்காகத் தேங்க, அள்ளி முடியாமல் அவை சினந்தபடியே இருக்கின்றன. அவை கக்கும் இரசாயனங்கள் நரம்பணுக்களின் இணைப்புகளையும் அரிக்கின்றன. முள் குத்திய கால் சிவந்து வீங்குமே, அதே அழற்சிதான்; மூளைக்குள் நோவு தெரியாது, அவ்வளவே. ஏற்கெனவே கொதிக்கும் அந்த இடத்தை, உடம்பில் வேறெங்கோ வந்த தொற்று இன்னும் கிளறிவிடுகிறது. இந்நோயை முதலில் விவரித்த ஜேர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமரே 1907இல் எழுதிய கட்டுரையில் கிளியா அணுக்களின் (மைக்ரோகிளியாவும் இவற்றில் ஒரு வகை) மாற்றத்தைக் குறித்திருந்தார். நெடுங்காலம் அதை நோயின் பின்விளைவாகவே பார்த்தார்கள். மைக்ரோகிளியாவில் வேலை செய்யும் ட்ரெம்2 மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2013இல் தெரியவந்தபின் அழற்சிமீது கவனம் திரும்பியது.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு அழற்சியைத் தணிக்கும் நோவு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவ்வகை மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நோய் தடுபடவில்லை, வயிற்றுப்புண் வரலாம். எங்கள் வீடும் நோயைக் குணமாக்காது. தண்ணீர் குடித்தாரா, சலம் போனாரா, பல் ஈறு வீங்கியிருக்கிறதா, பிரஷரும் சீனியும் எப்படி, நேற்றையைவிட இன்றைக்கு ஆள் வித்தியாசமா என்று நாள்தோறும் கொப்பியில் எழுத ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருப்பார். பார்க்கும் மகளுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஓடு மாற்ற, கழிவறைக்குக் கைபிடி போட, வழுக்காத தரை பதிக்க, படலையைப் பத்திரமாக்க மொத்தம் 1,350,000 ரூபா வேண்டும். கையில் இருப்பது 420,000. பொருளாகத் தருவதென்றால் கைபிடியுள்ள மரக்கதிரைகள் தாருங்கள்; பிளாஸ்டிக் கதிரை சரிந்துவிடும். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதந்தோறும் வீட்டு விறாந்தையில் ஒட்டப்படும். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு வேலையை முடித்தாக வேண்டும், ஆகவே ஆவணிக்குள் உங்கள் பங்கைச் சேர்ப்பித்தால் பேருதவி.

குழுவினர்,
உவர்மலை, திருகோணமலை