மூன்று டெமோவும் ஒன்றாக ஓடுகின்றன: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லு பொருத்திய போர்டில் திரை, கேமரா, வைஃபை மூன்றுக்கும் டெமோ செய்து முடித்தாயிற்று. தனித்தனியாக ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மாதிரி நிரல் கிடைக்கிறது. ஒரே போர்டில் மூன்றையும் சேர்த்து ஓடவிட்டால்தான் நினைவகத்துக்கும் பின்னுக்கும் (போர்டின் இணைப்பு முனைகளுக்கும்) மின்சாரத்துக்கும் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

திரையில் 320-க்கு 240 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். ஆக ஒரு முழுப் படம் 1,53,600 பைட். திரைக்குத் தரவு போகும் எஸ்பிஐ இணைப்பு துடிப்புக்கு ஒரு பிட்தான் அனுப்பும்; அதன் கடிகாரம் 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் இது போய்ச் சேர ஏறக்குறைய 31 மில்லிநொடி ஆகும்; நிரலை எவ்வளவு செதுக்கினாலும் நொடிக்கு 32 படத்தைத் தாண்டாது. இதைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டி, மாறிய பகுதியை மட்டும் அனுப்பச் சொன்ன அண்ணனுக்கு முதல் நன்றி. திரையில் பொத்தான், எழுத்து எல்லாம் வரைந்து தரும் எல்விஜிஎல் நூலகம் செய்வதும் அதைத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்து நிறம். கேமரா படம் திரையில் வந்தபோது சிவப்பெல்லாம் நீலமாகத் தெரிந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். திரை சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி எடுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது ஒரு புள்ளியின் இரண்டு பைட்டும் முன்பின்னாகப் போயிருக்கலாம். சிவப்பை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பச்சையைக் காட்டிப் பார்க்கச் சொன்னார் ஒரு தோழி. பச்சை பச்சையாகவே இருந்தால் முதல் காரணம். அதுவும் சிவந்து போனால் பைட் வரிசைதான் காரணம். எங்களுக்குச் சிவந்தது. இவ்வளவு எளிய சோதனையை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. அக்கா, உங்களுக்குத் தனி நன்றி.

ஓவி2640 கேமரா தானே படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கித் தரும். அதை அப்படியே வைஃபையில் அனுப்பிவிட்டு, திரைக்கு மட்டும் விரித்துக்கொள்ளலாம் என்ற யோசனை எங்கள் குழுவின் இளையவருடையது. சில்லுக்குள் இருக்கும் ரேம் 520 கிலோபைட்தான். அதிலும் வைஃபைக்குப் பங்கு போகிறது. படங்களைச் சில்லுக்கு வெளியே உள்ள பிஎஸ்ரேம் என்ற கூடுதல் நினைவகத்தில் வைத்ததும் மூச்சுவிட இடம் கிடைத்தது. சரியான யோசனை, தம்பி.

வைஃபை அனுப்பத் தொடங்கும் கணத்தில் போர்டு தானாக மறுபடி தொடங்கிக்கொண்டிருந்ததே, அதுதான் எல்லாரையும் அலைக்கழித்தது. மின்னழுத்தம் குறைந்தால் போர்டை மறுதொடக்கம் செய்யும் பிரௌன்அவுட் எச்சரிக்கையை நிரலில் அணைத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாமல், ஆசிலோஸ்கோப்பைக் கொண்டுவந்து 3.3 வோல்ட் கோட்டில் வைத்து, ஒவ்வொரு அனுப்பலுக்கும் மின்னழுத்தம் சரிவதைக் கண்ணால் காட்டினார் ஓர் ஐயா. தரவுத்தாள் 500 மில்லிஆம்பியராவது தரும் மின்வழங்கியைக் கேட்கிறது. எங்கள் மெல்லிய, நீளமான யுஎஸ்பி கேபிளுக்கு அது தாங்கவில்லை. குட்டையான தடித்த கேபிளும் போர்டின் அருகிலேயே ஒரு 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டோம், நின்றுவிட்டது. எச்சரிக்கையை அணைத்திருந்தால் இன்னும் நிரலில்தான் தேடிக்கொண்டிருப்போம்.

ஒரே நேரத்தில் பல கைபேசிகளில் நேரலையைத் திறந்து, போர்டைத் திணறடித்துச் சோதித்த பிள்ளைகளுக்கும் நன்றி. கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்!

நேரில் பார்த்திராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். போர்டில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளத்தை எழுதிய ரிச்சர்டு பாரி, சில பத்து கிலோபைட் ரேமிலேயே ஓடும் எல்டபிள்யூஐபி பிணைய அடுக்கைத் தந்த ஆடம் டங்கல்ஸ், எல்விஜிஎல்லைத் தொடங்கிய காபோர் கிஷ்-வாமோஷி. மூவரும் மூலநிரலைத் திறந்து வைத்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் பிரித்துப் படிக்க முடிந்தது.

கடைசியாக, பின் அட்டவணை வரைந்து தந்தவருக்கு. கேமரா மட்டுமே 14 பின்னை எடுத்துக்கொள்கிறது, பிஎஸ்ரேமுக்கு இரண்டு போகிறது. மிச்சத்தில் திரையை எங்கே பொருத்துவது என்பதை நீங்கள் வரைந்த அந்த ஒரு பக்கம்தான் தீர்த்தது. மூலநிரலோடு அதையும் சேர்த்து வெளியிடப் போகிறோம். உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.