எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: காணாமல் போகும் சீப்புகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக உங்கள் வீட்டில் சீப்பு வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். பொறுப்பு எங்களுடையதுதான். எட்டாம் வகுப்பில் நிலைமின்சாரம், அதாவது தேய்த்த பொருளில் தங்கி நிற்கும் மின்சாரம் பற்றிய பாடம் நடக்கிறது. போதாக்குறைக்கு ஒரு தாய் போன் செய்து, "ஷாக் கொடுக்கவா சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேட்டார். மகன் கம்பள விரிப்பில் காலைத் தேய்த்தபடியே போய்த் தங்கையின் காதைத் தொட்டிருக்கிறான். அவள் அலறிவிட்டாள். தொட்ட விரலிலும் சுரீர் என்றிருக்கும். அதை மட்டும் அவன் வீட்டில் சொல்லவில்லை போல.

ஷாக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிளக் பாயின்ட். அதனால் அந்தத் தாய் பயந்ததில் தப்பில்லை. வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் அணுக்களில் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும் எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் இருக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. உலர்ந்த முடியில் பிளாஸ்டிக் சீப்பை இழுத்தால் முடியிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போய்விடுகின்றன. தேய்த்தால் மின்னூட்டம் உண்டாகிறது என்றுதான் என் தலைமுறையில் பலர் மனப்பாடம் செய்தோம். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. இங்கே கூடினால் அங்கே அதே அளவு குறையும். பிள்ளைக்கு இந்த ஒன்று பிடிபட்டால் மீதிப் பாடம் தானாக வந்துவிடும்.

"எலக்ட்ரான் கூடினால் அதற்கு ஏன் மைனஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தபோது எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1897இல் ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தபோது அது மைனஸ் பக்கம் வந்து நின்றது. கணக்கு எதுவும் இதனால் கெடவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்று மாலை பிள்ளையோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். காகிதத்தை மிளகளவு துணுக்குகளாகக் கிழித்து, தேய்த்த சீப்பை மேலே கொண்டுபோங்கள். துணுக்குகள் எழுந்து ஒட்டும். காகிதத்தில் மின்னூட்டம் இல்லையே, பிறகு ஏன் ஒட்டுகிறது? சீப்பின் எதிர்மின்னூட்டம் காகிதத்திலுள்ள எலக்ட்ரான்களைச் சற்றே தள்ளிவிடுகிறது. சீப்பை நோக்கிய பக்கம் நேர்மின்னூட்டம் தலைதூக்குகிறது. அது பக்கத்தில் இருப்பதால் இழுப்பு ஜெயிக்கிறது. இத்தோடு எழுந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு துணுக்குகள் சீப்பிலிருந்து எகிறிக் குதிக்கும். ஒட்டியிருந்த நேரத்தில் சீப்பின் மின்னூட்டத்தில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொண்டன. ஒரே இன மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும், அதனால் விலகுகின்றன. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

சில நாள் எதுவுமே ஒட்டாது. நான் ஆசிரியரான முதல் ஆண்டில், ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் சீப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். வெளியே அடைமழை. காற்றில் ஈரம் மிகுந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது; மின்னூட்டம் அதன் வழியே நழுவிப் போய்விடும். அன்று இதைச் சொல்லியிருந்தால் அதுவே நல்ல பாடமாகியிருக்கும். நானோ சீப்பைக் குறை சொன்னேன். உங்கள் பிள்ளைக்கு வராவிட்டால் "உனக்குச் செய்யத் தெரியவில்லை" என்று சொல்லாமல், ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். கம்பளத்தில் காலைத் தேய்த்ததில் மகனின் உடலில் சேர்ந்த மின்னூட்டம், விரலுக்கும் காதுக்கும் இடையே சிறு பொறியாகப் பாய்ந்தது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டிப் பொறி பாய ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். எண்ணைக் கேட்டதும் வகுப்பே வாயைப் பிளந்தது. ஆனால் அதில் நகரும் மின்னூட்டம் மிகச் சொற்பம், கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும். பிளக் பாயின்டில் வருவது அப்படித் தீராது. தொட்டுக்கொண்டிருக்கும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே சீப்பு, பலூன், கம்பளித் துணி எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுங்கள். சுவிட்ச் போர்டு, ஒயர், பேட்டரி சார்ஜர் பக்கம் சோதனை என்ற பேச்சே கூடாது. இடி இடிக்கும்போது மொட்டை மாடியில் "நிலைமின்சாரம் பார்க்கிறேன்" என்று நின்றால் உடனே உள்ளே இழுத்து வாருங்கள். மேகத்தில் சேர்வதும் மின்னூட்டம்தான், ஆனால் அந்த அளவு விளையாட்டுக்கானதல்ல. அப்புறம், பெட்ரோல் நிரப்பும் இடத்தில் இந்தக் குறும்பு வேண்டவே வேண்டாம். அங்கே சிறு பொறியும் ஆவியைப் பற்றவைக்கக்கூடும்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் செய்முறை. ஆளுக்கு இரண்டு பலூன்கள், நூல், ஒரு பழைய கம்பளித் துணி கொடுத்தனுப்புங்கள். அன்று மட்டும் தலையில் எண்ணெய் வேண்டாம். ஈரம் போக நன்றாக உலர்த்தி அனுப்பினால் போதும். மழை பெய்தால் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைப்போம். தங்கையின் காதைத் தொட்ட மாணவன் அன்று தன் தங்கையையும் அழைத்து வரலாம். இந்த முறை கம்பளத்தில் காலைத் தேய்க்கப்போவது அவள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்