சதுர உயிரும் உன் மகளின் தட்டுகளும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளையும் பாத்தியிலிருந்து எடுத்த செந்நிற நீரை நுண்ணுயிர் வளர்க்கும் கூழான ஏகார் ஊற்றிய தட்டுகளில் பூசிப் பத்து நாள் ஆகியும் நுண்ணுயிர் ஒன்றும் முளைக்கவில்லை என்று மகள் சோர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். தட்டுகளை எறிய வேண்டாம் என்று முதலில் அவளிடம் சொல். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஏழாம் நாளே தட்டுகளைக் கழுவப் போட்டவன் நான். எதை இழந்தேன் என்பதே தெரியாத வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

சினாய் தீபகற்பத்து உப்புக் குட்டை ஒன்றின் நீரில், மெல்லிய ஏட்டை நறுக்கியது போன்ற தட்டையான சதுர உயிரைக் கண்டதாக 1980-இல் வால்ஸ்பி என்ற பிரிட்டானிய அறிஞர் எழுதினார். உருண்டையும் கோலுமாகவே நுண்ணுயிர்களைப் பார்த்துப் பழகிய நமக்குச் சதுரம் எவ்வளவு பெரிய வியப்பு! பின்னர் உலகின் பல உப்பளங்களில் அந்த உயிரே பெரும்பான்மை என்று தெரிந்தும், 2004 வரை எவராலும் அதைத் தனியே வளர்க்க முடியவில்லை. அந்த ஆண்டில்தான் ஸ்பெயின் உப்பள நீரிலிருந்து ஒரு குழுவும், ஆஸ்திரேலிய உப்பள நீரிலிருந்து இன்னொரு குழுவும் அதைப் பிரித்தெடுத்தன. ஆஸ்திரேலியக் குழு உப்பள நீரையே வளர்ப்பு ஊடகமாகக் கொண்டு, எண்ணிக்கையில் மிகுந்த உயிர் மட்டுமே எஞ்சும் அளவுக்கு மாதிரியைத் திரும்பத் திரும்ப நீர்க்கச் செய்து காத்திருந்தது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்; இதற்கோ சத்தான ஊடகத்திலும் ஒன்றிரண்டு நாள் வேண்டும். ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியி என்ற பெயர் முறைப்படி அமைந்தது 2007-இல்.

முளைத்த பிறகும், புதிய இனம் என்று அறிவிக்க அவசரம் கூடாது. நுண்ணுயிர்களை இனம் காண ஒப்பிடப்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ மரபணு, அறிந்த இனங்களோடு 98.7 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒத்திருந்தால் புதிய சிற்றினம் என்று கருத இடமுண்டு. ஆனால் உப்புவிரும்பிகளிடம் அந்த ஒரே அளவுகோலை நம்புவது ஆபத்து. சாக்கடலைச் சேர்ந்த ஹாலோஆர்குலா மாரிஸ்மார்டுயி என்ற நுண்ணுயிரின் ஒரே செல்லுக்குள் அந்த மரபணுவின் படிகள் (நகல்கள்) ஏறத்தாழ 5 விழுக்காடு வேறுபடுகின்றன. எந்தப் படி கையில் கிடைத்தது என்பதைப் பொறுத்து ஓர் உயிர் இரண்டாகத் தோன்றிவிடும். ஆகவே முழு மரபணுத்தொகுதியை நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. சவ்வின் கொழுப்பு வகைகளைப் பார்ப்பதும், வளர்ப்பை வெவ்வேறு நாடுகளில் உள்ள இரு சேமிப்பகங்களில் ஒப்படைப்பதும் அதன் பின்னர் வருபவை.

நுண்ணுயிர்களை வகை பிரிக்க உதவும் கிராம் சாயம் இடும்போது மகள் கவனமாக இருக்க வேண்டும். இவ்வுயிர்கள் வெளியே உள்ள உப்புக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடை உள்ளே தேக்கி வைப்பவை. சாதாரண நீர் பட்டவுடன் பெரும்பாலானவை வெடித்துக் கரைந்துவிடும். அசிட்டிக் அமிலத்தில் முதலில் நிலைப்படுத்திய பிறகே சாயம் இட வேண்டும்.

தட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, 37 பாகை வெப்பத்தில் ஆறு வாரமாவது வைக்கச் சொல். ஏகார் காய்ந்தால் உப்புப் படிகங்கள் தோன்றும். அவற்றை நுண்ணுயிர்க் கூட்டங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பாத்தி நீரின் உப்பளவை அவள் அளந்திருந்தால் அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது. ஊடகத்தில் எவ்வளவு உப்பு இட வேண்டும் என்பதை அதைப் பார்த்தே சொல்ல முடியும்.

அன்புடன்,
இராமலிங்கம்