காதல் கதை படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கைப்பையில் இருந்த நாவலைப் பார்த்துவிட்டு அலுவலகத்துப் பெண் ஒருத்தி, "இந்த வயதில் இதையா படிக்கிறாய்?" என்று கேட்டாளாம். நீயும் ரயிலில் பொழுது போகட்டும் என்று வாங்கியதாகச் சொல்லிச் சமாளித்தாயாம். எனக்கு அவள்மீது கோபமில்லை, உன்மீதுதான். துப்பறியும் கதை படிப்பவர் யாராவது இப்படிச் சமாளித்துப் பார்த்திருக்கிறாயா? அதிலும் முடிவு தெரிந்ததுதானே, கொலைகாரன் அகப்பட்டுவிடுவான்.

இது நம் வீட்டுப் பெண்களுக்குப் பரம்பரைப் பழக்கம். சாண்டில்யனின் 'கடல் புறா' குமுதத்தில் தொடராக வந்தபோது, உன் பாட்டி வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்திருந்தார். இன்னும் பரணில் இருக்கிறது. பக்கங்களைப் புரட்டினால் கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறையில் வாள்கள் மோதிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு எட்டிப் பார்க்கும். நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை. இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. பாட்டி அந்த இடத்தில் கோடு போட்ட தாள் ஒன்றை வைத்துத் தைத்து, அந்த வாரக் கதையை நினைவிலிருந்து பென்சிலால் சுருக்கி எழுதியிருக்கிறார். கடைசி வரி கதையில் உள்ளதில்லை, பாட்டியுடையது: "இளையபல்லவன் செய்வது சரியில்லை." அவனுக்குக் காஞ்சனாதேவியும் வேண்டும், மஞ்சளழகியும் வேண்டும். பாட்டி காஞ்சனாதேவி கட்சி. எனக்கு மஞ்சளழகிதான். சாண்டில்யனின் வர்ணனைகளை மட்டும் நான் பக்கம் பக்கமாகத் தாண்டிவிடுவேன். அதற்காக எந்தப் புலவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

நீ படிப்பது இங்கிலாந்துக் கதைகள். ஜார்ஜெட் ஹேயர் என்ற பெயரை உனக்குச் சொன்னதே நான்தான், நினைவிருக்கிறதா? உடம்பு சரியில்லாத தம்பிக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று பதின்பருவத்தில் அவர் சொன்ன கதைதான் 1921இல் முதல் நாவலாக அச்சேறியது. பின்னாளில் ரீஜென்சி காலத்தையே தனக்கென்று எடுத்துக்கொண்டார். அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கியதால் மகன் அவர் இடத்திலிருந்து ஆண்ட காலம் அது. 1811 முதல் 1820 வரை, ஒன்பதே ஆண்டுகள். அதற்குள் எத்தனை ஆயிரம் காதல் கதைகளை அடைத்துவிட்டார்கள்! அப்போது உயிரோடிருந்த பிரபுக்களைவிட நாவல்களில் திரியும் பிரபுக்கள் அதிகமாக இருப்பார்கள்.

ஏன் அந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று யோசித்திருக்கிறேன். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. கல்யாணமானால் கையில் இருப்பதும் கணவனுக்குப் போய்விடும். யாரோடு எத்தனை முறை நடனமாடினாள் என்பதுகூட ஊர்வாய்க்கு அவல். இத்தனை கட்டுக்குள் இருக்கும் ஒருத்தி, வாய்த்துடுக்காலேயே தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, தன்னை மதிக்கத் தெரிந்தவனைத் தேடிக்கொள்கிறாள். அவள் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் வீட்டு வாடகையும் தங்கைகளின் எதிர்காலமும் இருக்கின்றன. இதை லேசான கதை என்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

"எல்லாம் ஒரே கதைதானே" என்பதும் பழைய குற்றச்சாட்டு. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நானூறு பாட்டு. தலைவன் பொருள் தேடப் போனான், கார்காலம் வந்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. எத்தனை புலவர்கள் இதையே பாடியிருக்கிறார்கள்! அகப்பாட்டில் தலைவன், தலைவி யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. ஆள் யார் என்பதல்ல, எப்படித் தவித்தாள் என்பதுதான் செய்தி. இது நேற்றே படித்தது என்று யாரும் ஏட்டைக் கட்டி வைக்கவில்லை.

பஸ் நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களும் இந்த வகைதான். ரமணிசந்திரன் கதையில் முதல் அத்தியாயத்திலேயே யாரை யார் கட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் நடுவில் வரும் மனத்தாங்கல்களை நிம்மதியாகப் படிக்க முடிகிறது.

இனி நீ படிக்கும் பேய்க் காதல் கதைகளுக்கு வருகிறேன். ரத்தக் காட்டேரியை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பெண் தூங்கும்போது ஜன்னல் ஏறி வந்து பார்த்துக்கொண்டிருப்பவனை நம் தெருவில் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். ஓநாயாக மாறுகிறவன் பரவாயில்லை, கோபம் வந்தால் முகத்தில் தெரிந்துவிடுகிறது. இந்தக் கதைகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றிய ஒன்று: அங்கே பேயாக வருகிறவன் பெரும்பாலும் ஆண், காதலிக்க வருகிறான். நம் ஊரில் வருகிறவள் பெண், கணக்குத் தீர்க்க வருகிறாள். பழையனூர் நீலியைப் பார். தன்னைக் கொன்ற கணவனை விடவில்லை. அவன் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் தீயில் இறங்கினார்கள். நீலிக்கு எந்தப் பிரபுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நம்மிடமும் காதலுக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. கல்கியின் 'மோகினித் தீவு' படித்திருக்கிறாயா? பர்மாவிலிருந்து வரும் கப்பல் வழியில் ஒரு தீவோரம் நிற்கிறது. நிலா வெளிச்சத்தில் அங்கே சந்திக்கும் ஒரு தம்பதி தங்கள் கதையைச் சொல்கிறார்கள். சோழ பாண்டியர் காலத்துக் கதை! ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் குறுக்கே புகுந்து, "அது அப்படியில்லை" என்கிறார். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. உன் அப்பாவையும் என்னையும் நினைத்துக்கொண்டு படி. சிறிய புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் இணையத்திலேயே கிடைக்கும். பிரதி வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது அந்த ஓநாய்க்காரனின் இரண்டாம் பாகத்தை மறக்காமல் எடுத்து வா. நீ விட்டுச்சென்ற முதல் பாகம் இப்போது எதிர்வீட்டு மாமியிடம் இருக்கிறது, திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அன்புடன்,
அம்மா