ஷெர்பூர்லேருந்து ஆயாவுக்கு

ஆயா, எப்படி இருக்க? முட்டி வலி தேவலையா? தம்பிகிட்ட சொல்லிருக்கேன் இத உனக்கு நிறுத்தி நிதானமா படிச்சு காட்ட சொல்லி, அவன் பாதில எழுந்து ஓடிட்டான்னா அம்மாவ படிக்க சொல்லு. போன்ல பேசுனா நீ சாப்டியா, குளிருதா, ஸ்வெட்டர் போட்டியான்னு கேட்டுட்டு கரண்ட் பில் ஏறுற மாதிரி டக்குனு வச்சிடுற, அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் நல்லா இருக்கேன். ஊரு பழகிடுச்சு. பிரான்ஸோட வடக்குல, நார்மாந்தின்னு சொல்ற பக்கம், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு போற நெலத்தோட நுனில இருக்கு ஷெர்பூர். பாரிஸ்லேருந்து ரயில்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல்ல இந்த துறைமுகத்துல வந்து ஆள் ஏத்திக்கிட்டு தான் போச்சு, இப்ப இங்க நீர்மூழ்கி கப்பல் கட்டுறாங்க. மழை வந்துக்கிட்டே இருக்கும், அதவிட காத்து தான் ஜாஸ்தி, சாதாரண குடை ஒரே நிமிஷத்துல திரும்பிக்கும். நான் தொப்பி வச்ச ரெயின்கோட்டுக்கு மாறிட்டேன். கறிவேப்பிலை, புளி எல்லாம் பாரிஸ்ல நம்ம தமிழ் கடைங்க இருக்கிற லா ஷாப்பெல் பக்கம் போய் தான் வாங்கணும், போறப்ப மொத்தமா வாங்கி ஃப்ரீசர்ல போட்டுக்குறேன். மீன் மட்டும் இங்க அருமையா கிடைக்குது ஆயா, உன்ன மாதிரி மாங்கா போட்டு கொழம்பு வைக்க தான் வரல.

வேலை அதே முதியோர் இல்லத்துல தான். காலைல எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, மாத்திரை நேரத்துக்கு ஞாபகப்படுத்தி, முதுகு ஒடிஞ்சு போகும், ஆனா எல்லாருமே உன் வயசு தான், அதனால கைக்கு கஷ்டமா தெரியல. போன வாரம் ஹால்ல ஒரு படம் போட்டாங்க. அத சொல்ல தான் இந்த லெட்டரே.

படம் பேரே இந்த ஊரு பேரு தான், 'ஷெர்பூர் குடைகள்'னு அர்த்தம் வரும். 1964ல வந்தது, ஜாக் தெமின்னு ஒருத்தர் எடுத்தது, கான் சினிமா விழாவுல பெரிய பரிசு அதுக்கு தான் கெடச்சுது. படம் முழுக்க பாட்டு. பாகவதர் படம் மாதிரி நடுநடுவுல இல்ல ஆயா, ஒரு வார்த்த கூட பேச்சா கெடையாது, பெட்ரோல் பங்க்ல சூப்பர் போடவா சாதா போடவான்னு கேக்குறது கூட ராகத்துல தான். மிஷெல் லெக்ரான் மியூசிக். கேத்ரின் தெனவ் தான் ஹீரோயின், அப்ப இருபது வயசு கூட சரியா இருக்காது, ஆனா குரல் அவங்களது இல்ல, தனியா வேற ஒருத்தங்க பாடி இவங்க வாயசைச்சது, சாவித்திரிக்கு சுசீலாம்மா பாடுவாங்களே அதே கணக்கு தான்.

கதை சின்னது. ஷெர்பூர்ல ஒரு அம்மாவும் பொண்ணும் குடைக்கடை வச்சிருக்காங்க, பொண்ணு பேரு ஜென்வியேவ். கார் ஷெட்ல மெக்கானிக்கா இருக்கிற கீ-ன்ற பையன லவ் பண்றா. ரெண்டு பேரும் பொறக்கப்போற கொழந்தைக்கு பிரான்சுவாஸ்னு பேர் வரைக்கும் பேசி வச்சிடுறாங்க. 1957 நவம்பர்ல கதை ஆரம்பிக்குது, அப்ப அவனுக்கு ராணுவத்துலேருந்து கடுதாசி வருது, அப்ப பிரான்ஸ் கைல இருந்த அல்ஜீரியாவுல விடுதலை சண்டை, அங்க போகணும், ரெண்டு வருஷம்.

அல்ஜீரியான்னதும் எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. நம்ம தாத்தாவும் அங்க தானே இருந்தாரு, அதே வருஷங்கள்ல! தாத்தா சம்பளத்துக்காக தானா போய் சேந்த சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்து சிப்பாய், கீய சட்டம் போட்டு இழுத்துட்டு போனாங்க, அவன மாதிரி பத்து லட்சத்துக்கும் மேல பசங்க போயிருக்காங்க. ஆனா வாசல்ல நின்ன பொம்பளைங்களுக்கு அது ஒண்ணு தானே. நீ பாண்டில நின்ன, அவ ஷெர்பூர்ல நின்னா. இங்க ரயில் ஸ்டேஷன்ல தான் அந்த பிரியுற சீன், நான் பாரிஸ் போக டிக்கெட் எடுக்குற ஊரு ஸ்டேஷன். ரயில் நகர ஆரம்பிக்குது, அவன் படிக்கட்டுல நிக்கிறான், அவ பிளாட்பாரத்துல கூடவே நடக்குறா, அப்புறம் நின்னுடுறா, ரயில் போயிட்டே இருக்கு, அவ சின்னதாயிக்கிட்டே போறா.

எங்க ஹால்ல ஒரு பெரியவர் இருக்காரு, அவரும் அல்ஜீரியாவுக்கு போனவரு. இத்தன மாசத்துல அதபத்தி வாயே தொறந்ததில்ல. அந்த சீன் முடிஞ்சதும் எங்கிட்ட திரும்பி, நாங்க மார்செய்ல கப்பல் ஏறுனோம், லெட்டருக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேணாம், ராணுவத்துக்கு இலவசம், ஆனா என்ன எழுதுறதுன்னு தான் தெரியாதுன்னாரு. அவ்ளோ தான் சொன்னாரு, அப்புறம் தயிர் கேட்டாரு.

படத்துலயும் அதே தான் ஆயா. அவகிட்டேருந்து லெட்டர் போகுது, அவன்கிட்டேருந்து எப்பவோ ஒண்ணு தான் வருது, ரோந்து போன எடத்துல பதுங்கி தாக்குனதுல கூட இருந்தவங்க செத்துட்டாங்கன்னு எழுதுறான். இங்க இவ மாசமா இருக்கா. கடைல கடன், அம்மா நகைய விக்க போன எடத்துல ஒரு நகை வியாபாரி அறிமுகமாகுறாரு, நல்ல மனுஷன், வயித்துல இருக்கிற கொழந்தைய என் கொழந்தையா வளக்குறேன்னு சொல்றாரு. அவன் போட்டோவ பாத்தா கூட முகம் மறந்து போகுதுன்னு அவ ஒரு எடத்துல பாடுறா. எனக்கு அந்த எடத்துல தான் அழுகை வந்துச்சு. உன் மாப்பிள்ளைகிட்ட தினமும் வீடியோ கால்ல பேசுறேன், முகம் மறக்க வழியே இல்ல, ஆனா பேச தான் ஒண்ணும் இல்லாம போகுது சில நாளு, சாப்டியா தூங்கினியான்னே முடிஞ்சிடுது. விசா பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு, இன்னும் இழுக்குது. பிரிஞ்சிருக்கிறது எப்படி மனச அரிக்குதுன்னு இந்த படம் சொன்ன அளவுக்கு வேற எதுவும் எனக்கு சொன்னதில்ல.

அவ அந்த வியாபாரிய கட்டிக்கிட்டு பாரிஸ் போயிடுறா. கீ கால்ல அடிபட்டு 1959ல நொண்டிக்கிட்டே திரும்பி வரான், கடை கைமாறிடுச்சு, அவ இல்ல, கொஞ்ச நாள் குடிச்சு கெட்டு, அப்புறம் அவன் அத்தைய பாத்துக்கிட்ட மாதலேன்ற பொண்ண கட்டிக்கிட்டு பெட்ரோல் பங்க் வைக்கிறான். ஹால்ல ஒரு பாட்டிம்மா சத்தமாவே சொன்னாங்க, அவ காத்திருந்திருக்கணும்னு. நான் உடனே இல்லன்னேன். எனக்கு வேல போனாலும் பரவால்லன்னு இருந்துச்சு. அந்த பொண்ணுக்கு வயசு பதினேழு, வயித்துல புள்ள, கைல காசில்ல, அவன் உயிரோட இருக்கானான்னு தெரியாது. அவ துரோகி இல்ல, அவ அம்மாவும் கெட்டவ இல்ல, கட்டிக்கிட்டவரும் கெட்டவரு இல்ல. ரெண்டு வருஷத்த அவங்ககிட்டேருந்து புடுங்கினது அரசாங்கம். இதுல இன்னொண்ணு தெரியுமா, 1954லேருந்து 1962 வரைக்கும் நடந்த அந்த சண்டைய போருன்னே இவங்க ஒத்துக்கல, ஒழுங்கு காக்குற நடவடிக்கைன்னு தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 1999ல தான் சட்டம் போட்டு போருன்னு சொன்னாங்க. தாத்தா அதுக்கு இருந்தாரா ஆயா? அவருக்கு தெரியுமா?

கடைசில 1963 டிசம்பர், பனி கொட்டுது, கார்ல பெட்ரோல் போட வர்றவ அவ தான், கூட அந்த கொழந்த. பேரு பிரான்சுவாஸ். இவன் பையன் பேரு பிரான்சுவா. பாக்கணுமான்னு கேக்குறா, அவன் வேணாம், நீ கெளம்புன்னு சொல்லிடுறான். நீ நல்லாருக்கியான்னு கேக்குறா, நல்லாருக்கேன்றான். அவ போனதும் பொண்டாட்டியும் புள்ளையும் வராங்க, புள்ளையோட பனில வெளையாடுறான். எல்லாரும் இத சோகம்றாங்க, எனக்கு அவன் நெஜமாவே நல்லாருக்கான்னு தான் பட்டுச்சு, அதனால தான் இன்னும் வலிச்சுது.

மறுநாள் லீவுல படத்துல அந்த குடைக்கடையா காட்டுன கட்டடத்த போய் பாத்தேன், ரு து போர் தெருவுல. படத்துல சுவரெல்லாம் ரோஸும் பச்சையும் ஊதாவுமா மின்னும், பொண்ணோட கவுனும் வால்பேப்பரும் ஒரே பூவா இருக்கும், நேர்ல சாம்பல் கல்லு. படத்தோட கலரே நடுவுல மங்கிப்போயி, தெமி 1990ல செத்த பிறகு அவர் மனைவி அன்யேஸ் வர்தா தான் திரும்ப மீட்டு குடுத்தாங்களாம், அவங்களும் பெரிய டைரக்டர்.

இப்ப உங்கிட்ட கேக்க வந்தது. உன் டிரங்கு பெட்டில தாத்தா லெட்டர் இருக்குல்ல, மேல எஸ்.பி.ன்னு நம்பர் போட்டு ஆ.எஃப்.என்.னு இருக்குமே, அது அல்ஜீரியா பக்கத்து ராணுவ தபால் முகவரி. அத தம்பிய விட்டு ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, மடிப்புல கிழிஞ்சிடாம பாத்துக்க சொல்லு. லெட்டர் வராத மாசத்துல நீ என்ன பண்ண? யாரு படிச்சு காட்டுனா? தாத்தா முகம் மறந்துச்சா உனக்கு? கோபம் வந்துச்சா? கல்யாணமாகி கொஞ்ச நாள்ல விட்டுட்டு போனவர் மேல கோபம் வந்திருந்தா சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இத்தன வருஷமா கத்தோர்ஸ் ஜூயேக்கு, அதான் ஜூலை 14 பிரான்ஸ் தேசிய நாளுக்கு, மெடல் குத்திக்கிட்டு தாத்தா பீச் ரோட்ல நடந்தத தான் எல்லாரும் சொல்றோம், உன்ன யாருமே கேக்கல.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் உங்க நேரம் மூணு மணிக்கு போன் பண்றேன். சீக்கிரம் வச்சிடாத.

உன் பேத்தி