வாய் அளவோடு ஒரு வரைபடமும் அனுப்புங்கள், டாக்டர்

சென்னைப் பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். புரசைவாக்கம் பக்கம் ஒரு பல் லேபில் 26 ஆண்டுகளாகக் கழற்றி மாட்டும் பல் செட் செய்கிறேன். நீங்கள் பார்க்கும் நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. அவருடைய வாய் மட்டும் ஸ்டோன் மாடலாக, அதாவது கெட்டி மாவில் வார்த்த அச்சாக, என் மேசைக்கு வரும். சிலருடையது நான்கைந்து ஆண்டு கழித்து மறுபடியும் வரும். அப்போது, முதல் முறை கம்பி பிடித்திருந்த பல் மாடலில் இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குக் கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வீட்டுப் பக்கத்து கிளினிக்கிலேயே ஃப்ளெக்சிபிள் செட், அதாவது வளைகிற நைலான் செட், வைத்துக்கொண்டாள். கம்பி தெரியாது, உடையாது என்றார்களாம். அது உண்மைதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு விசேஷத்தில் பார்த்தபோது முன்கடைவாய்ப் பல்லின் ஈறு இறங்கி வேர் தெரிந்தது. செட்டைக் கழற்றி வாங்கிப் பார்த்தேன். பல்லின் மேல் உட்கார்ந்து பாரத்தைத் தாங்கும் சின்னக் கால் போன்ற ரெஸ்ட் எதுவும் அதில் இல்லை. மெல்லுகிற பாரம் முழுக்க ஈறின் மேலேயே இறங்கியிருக்கிறது. அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு. "மறுபடி எப்போ வரச் சொன்னாங்க?" என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள்.

நைலான் செட் தப்பான பொருள் என்று சொல்ல வரவில்லை. அது வளையும். வளைகிற பொருள் பாரத்தைப் பல்லுக்குக் கடத்தாது. ஈறின் சதை அமுங்குகிற அளவில் சின்னப் பங்குதான் பல் அதன் குழியில் அமுங்கும். பின்பக்கம் பிடிக்கப் பல்லே இல்லாத வாயில் செட் அந்தப் பக்கமாக இறங்கி இறங்கி, அடியில் இருக்கும் எலும்பும் தேய்கிறது. அதை அக்ரிலிக் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் போல எளிதாக ரீலைன் செய்யவும், அதாவது உள்பக்கத்தை ஈறுக்கு ஏற்ப மறுபடி நிரப்பிப் பொருத்தவும், முடியாது. பாலிஷும் சரியாக ஏறாது. சொரசொரப்பான இடத்தில் அழுக்கும் பூஞ்சையும் தங்கும்.

அக்ரிலிக் மலிவு. இன்னொரு பல் விழுந்தால் அதிலேயே சேர்த்துவிடலாம். பல் எடுத்த புண் ஆறும்வரை போட அதைவிட வசதியானது இல்லை. ஆனால் தற்காலிகமாகக் கொடுத்த செட் பத்து வருஷம் வாயில் கிடக்கிறதே! மேலண்ணத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் கனம், ஈறு விளிம்பு முழுவதும் மூடல். ரெஸ்ட் இல்லாமல் ஈறின் மேல் மட்டும் உட்காரும் இந்தச் செட்டுக்கு 'கம் ஸ்டிரிப்பர்' (ஈறை உரிப்பது) என்று உங்கள் துறையிலேயே பட்டப்பெயர் உண்டு. இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. "நாளைக்கே வேணும்" என்று ஸ்லிப் வந்தால், 74 டிகிரியில் 8 மணி நேரம் வேக வேண்டியதை அவசரமாகக் கொதிக்கவைத்து எடுக்கிற லேப்கள் உண்டு. வேகாமல் மிஞ்சிய மோனோமர் என்ற மூலத் திரவம் சிலருக்கு வாயெரிச்சல் தரும்.

கோபால்ட்-குரோமியம் என்ற கலப்பு உலோகம் 1930-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர்த் தகடே போதும், வளையாது. ரெஸ்ட் வைத்தால் பாரம் பல்லுக்குப் போகும். கீழ்த்தாடையில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பட்டையை ஈறு விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது தள்ளியும், மேலே 6 மில்லிமீட்டர் தள்ளியும் வைக்கலாம். திறந்திருக்கும் அந்த இடத்தை நாக்கும் உமிழ்நீருமே கழுவிவிடும். உலோகம் சூட்டைக் கடத்துவதால் காபியின் சூடும் அண்ணத்தில் தெரியும். பழைய செட்டை மாற்றிக்கொண்டவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்களாம். குறை என்றால் விலையும், கம்பி வெளியே தெரிவதும். நிக்கல் கலந்த உலோகமாக இருந்தால் ஒவ்வாமையும் வரலாம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகுமா என்று நாற்காலியில் உட்காரும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இப்போது பீக் (PEEK) என்ற உறுதியான பிளாஸ்டிக் கேட்டு வரும் வேலைகளும் கூடுகின்றன. எடை குறைவு, உலோகச் சுவை இல்லை, ஒவ்வாமைக்காரர்களுக்கு நல்ல வழி. ஆனால் உலோகத்தின் விறைப்பு அதற்கு இல்லை, தடிமனாகத்தான் செய்ய வேண்டும். கோபால்ட்-குரோமியம் அளவுக்கு நீண்ட கால அனுபவமும் இன்னும் சேரவில்லை.

பொருளை மட்டும் மாற்றினால் ஈறு பிழைக்காது. ஸ்வீடனில் கழற்றி மாட்டும் செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்து, தவறாமல் திரும்ப அழைத்துப் பார்த்தவர்களுக்குப் பிடிமானப் பற்களும் ஈறும் பெரிதாகக் கெடவில்லை. என் மேசைக்கு வரும் ஸ்லிப்பில் இருப்பதோ "ஆர்பிடி, 4 பல், ஷேட் ஏ3" மட்டும்; அதாவது கழற்றி மாட்டும் செட், நான்கு பல், பல்லின் நிறம். ரெஸ்ட் எங்கே, எந்தப் பல்லில் கிளாஸ்ப் என்ற பிடிகம்பி, பட்டை எங்கே ஓட வேண்டும் என்பதையெல்லாம் வாயையே பார்க்காத நான் முடிவு செய்கிறேன். எந்தப் பல் ஆடுகிறது, எந்த ஈறில் ரத்தம் வருகிறது என்று மாடலில் தெரியாதே, டாக்டர்.

அதனால் கேட்கிறேன். ரெஸ்ட்டுக்குப் பல்லில் குழி எடுத்த பிறகு அளவு எடுங்கள். ஸ்லிப்பின் பின்பக்கம் பேனாவால் ஒரு படம் போட்டால்கூடப் போதும். சர்க்கரை, நிக்கல் ஒவ்வாமை இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். வேகவைக்க இரண்டு நாள் கொடுங்கள். நோயாளியிடம் என்ன பொருள், எதனால் அது என்று தமிழில் சொல்லிவிடுங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடவும், ஆறு மாதத்தில் திரும்பி வரவும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

நான் ஏழு மணிக்குமேல்தான் மெழுகு வைக்க உட்காருவேன். அதற்குமுன் எப்போது வேண்டுமானாலும் லேபுக்கு போன் பண்ணுங்கள். மாடலைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் செட்டுகளைச் செய்யும் ஒரு டெக்னீஷியன்