எந்திரம் காட்டும் எண்ணே சாட்சி ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்ஜிபிடி எழுதிக்கொடுக்கும் ப்ராஜெக்டுகளைப் பிடிக்க எல்லாக் கல்லூரிகளும் மென்பொருள் வாங்க வேண்டும் என்று ஒரு வாசகர் உங்கள் இதழில் எழுதியிருந்தார். நான் கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துகிறேன். கடைசி வருட மாணவர்களின் ரிப்போர்ட்டை அடித்து பைண்டிங் போட்டுக் கொடுப்பதுதான் சீசன் வேலை. அவர்கள் எழுதுவதை ஆசிரியருக்கு முன்பே எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பி.காம். படிக்கும் பெண் ஒருத்தி சிறு தேயிலை விவசாயிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதினாள். பச்சைத் தேயிலை விலை எப்படி ஏறி இறங்குகிறது, ஃபேக்டரியில் பணம் எப்போது கைக்கு வருகிறது என்று ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்) போய்க் கேட்டு, படிவம் நிரப்பி வாங்கி வந்திருந்தாள். லாங் சைஸ் நோட்டில் அடித்தும் திருத்தியும் எழுதியதை நான்தான் டைப் அடித்தேன். கல்லூரியில் ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் போட்டுப் பார்த்து, எழுபது சதவீதத்துக்கு மேல் ஏ.ஐ. எழுதியது என்று திருப்பிவிட்டார்கள். நோட்டை யாரும் கேட்கவில்லை. மறுபடி எழுதியபோது, நன்றாக இருந்த வாக்கியங்களை வேண்டுமென்றே கெடுத்து எழுதினாள். அது பாஸாகிவிட்டது. மூன்று வருடம் படித்த பிள்ளை கடைசியில் தன் ஆங்கிலத்தைத் தானே கெடுத்துக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். இந்த மென்பொருள்களில் பல, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்று கணக்குப் போடுகின்றன. சுலபமாக ஊகிக்க முடிந்தால் ஏ.ஐ. எழுதியது என்று சந்தேகம். வீட்டில் படுகு மொழி, பள்ளியில் தமிழ், கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை எப்படி எழுதும்? பிளஸ் டூ நோட்ஸில் மனப்பாடம் செய்த தொடர்களை வைத்து, பிழை வந்துவிடக் கூடாதே என்று பயந்து, தெரிந்த சொற்களில்தான் எழுதும். கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் லைன் வீட்டிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) வரும் பிள்ளைக்கும் இதே நிலைதான்.

2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்தை ஏ.ஐ. எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அப்படிப் பெரிய பிழை வரவில்லை. அதே டோஃபல் கட்டுரைகளின் சொற்களை சாட்ஜிபிடியைக் கொண்டே மெருகேற்றியபோது தவறு வெகுவாகக் குறைந்தது. ஆக, சொந்தமாக எழுதியவன் மாட்டிக்கொள்கிறான், ஏ.ஐ.யை வைத்துப் பூசி மெழுகத் தெரிந்தவன் தப்பிக்கிறான்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஏ.ஐ. எழுத்தைக் கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு வந்தவை மேம்பட்டிருக்கலாம். ஆனால் நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. 2022இல் அங்கே டர்னிட்டின் என்ற காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் போனவை 75,000 கட்டுரைகள். அதில் ஒரு சதவீதம் என்றால் 750 கட்டுரைகள் மீது வீண்பழி. டர்னிட்டினின் ஏ.ஐ. கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் அங்கே நிறுத்திவிட்டார்கள்.

நம் கல்லூரிகளில் இன்னொரு குழப்பத்தையும் பார்க்கிறேன். சிமிலாரிட்டி (ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகும்) சதவீதத்தையும் ஏ.ஐ. சதவீதத்தையும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். சிமிலாரிட்டி ரிப்போர்ட் எந்த வரி எந்த நூலிலிருந்து, எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று காட்டும். திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், தவறென்றால் மறுக்கலாம். ஏ.ஐ. சதவீதத்துக்கு அப்படி ஆதாரம் எதுவும் கிடையாது. வெறும் கணிப்புதான். அதை எதைக் காட்டி மறுப்பது? பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் போனாலும் துறைக் குழு இயற்கை நீதியைப் பின்பற்றித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆதாரம் காட்டும் கருவிக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, ஆதாரமே காட்டாத கருவி சொன்னதும் மதிப்பெண்ணைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

பிள்ளைகள் யாரும் ஏ.ஐ.யை வைத்து எழுதுவதில்லை என்று நான் வாதாடவில்லை. எழுதுகிறார்கள். சாட்ஜிபிடி முதலில் சொல்லும் "நிச்சயமாக, இதோ நீங்கள் கேட்டது" என்ற வரியைக்கூட நீக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிரிண்ட் கேட்கிறவர்களும் உண்டு. ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே ஆசிரியர் கைடாக இருந்தால் அவருக்கும் நேரம் இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் பத்து நிமிடம் எதிரே உட்கார வைத்து, "இந்த அட்டவணை எங்கே எடுத்தாய், இந்த விவசாயி என்ன சொன்னார்" என்று கேட்டால் போதும், எழுதியவள் பேசுவாள். வைவா என்று ஒரு வாய்மொழித் தேர்வு அதற்காகத்தானே இருக்கிறது?

கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லி, படிப்படியாக எழுதியதற்கான பதிவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது சரி. எங்கள் பக்கம் பாதிப் பேர் தாளில் எழுதித்தான் கடைக்கு வருகிறார்கள். ரிப்போர்ட் முழுவதையும் ஒரே மதியத்தில் என் கம்ப்யூட்டரில் நான் அடிக்கிறேன். பதிவைப் பார்த்தால் வேறு யாரோ ஒரே மூச்சில் எழுதியதாகத்தான் தெரியும். அவர்களுக்குச் சாட்சி கைப்பிரதிதான். ரிப்போர்ட்டோடு ரஃப் நோட்டையும் சர்வே படிவங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளக் கல்லூரிகள் முன்வர வேண்டும். யார் மீதாவது சந்தேகம் வந்தால், இன்டர்னல் மார்க்கை அனுப்புவதற்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து, நேரில் விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்புத் தர வேண்டும்.

டைப் அடித்து முடித்ததும் கைப்பிரதியைப் பிள்ளைகள் பெரும்பாலும் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பழைய பேப்பரோடு அது போய்விடும். இனி ஒவ்வொன்றிலும் தேதியோடு கடை முத்திரை போட்டு, ரிப்போர்ட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ஊட்டி, குன்னூர், கூடலூர் டைப்பிங் கடைக்காரர்களும் அப்படியே செய்யும்படி உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

(என் பெயரைப் போட வேண்டாம். சின்ன ஊர், அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும்.)